இறங்கி நடக்கவும் கற்றுக்கொடுக்கிறேன்

சிங்கப்பூரில் புதியவர்களுக்கு மலை சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர் உயரம்தான், இங்கே எங்கே மலை என்று உறவினர்கள் கேட்பதுண்டு. வேர், கல், சரிவு, திருப்பம் இருந்தால் இந்தச் சைக்கிளுக்குப் போதும். அதெல்லாம் இங்கே தாராளமாக இருக்கிறது. புக்கிட் தீமா காப்புக்காட்டைச் சுற்றி ஒரு பாதை, புலாவ் உபின் தீவில் ஒரு பூங்கா, அப்புறம் 2017இல் முழுமையாகத் திறக்கப்பட்ட செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா. செஸ்ட்நட்டில் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் தனித்தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். சைக்கிள் பாதை மட்டும் எட்டு கிலோமீட்டருக்கு மேல். முதல்முறை வருபவர்களைப் பெரும்பாலும் அங்கேதான் கூட்டிப்போவேன்.

வண்டியில் ஏறுவதற்கு முன் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "மாஸ்டர், ஹெல்மெட் போட்டிருக்கோமே, விழுந்தா ஒண்ணும் ஆகாதுல்ல?"

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லாமல் நான் வகுப்பைத் தொடங்குவதில்லை. ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே இருக்கும் நுரையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். இபிஎஸ் என்பார்கள்; நம் வீடுகளில் தெர்மாகோல் என்று சொல்வோமே, அதே பொருள்தான், கொஞ்சம் கெட்டியானது. தலை தரையில் மோதும்போது அந்த நுரை நசுங்குகிறது. நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தச் சில மில்லிநொடிகளில் மோதலின் வேகம் குறைகிறது. ஒருமுறை நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. மேலோட்டில் கீறல்கூடத் தெரியாமல் உள்ளே நுரை உட்கார்ந்து போயிருக்கலாம். அதனால் பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி யாருக்கும் கொடுப்பதில்லை. வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளாமல் இருக்க, பட்டையை வெட்டித்தான் குப்பையில் போடுவோம்.

ஐரோப்பாவின் இஎன் 1078 தரச்சோதனையில், ஹெல்மெட் மாட்டிய தலை வடிவத்தைச் சமதளத்தில் நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவிடுகிறார்கள். கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம் அது. மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதைவிட வேகமான மோதலுக்கு இந்தச் சோதனை உத்தரவாதம் தருவதில்லை. அதற்காக ஹெல்மெட்டைக் குறைத்துப் பேசிவிடக் கூடாது. 2016இல் ஆஸ்திரேலியாவில் ஒலிவியர், கிரைட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லா வகைச் சைக்கிள் விபத்துகளும் அதில் அடக்கம். அடிபட்டவர்களில் ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 69 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. இதைவிடப் பெரிய பாதுகாப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதை நுரையால் முழுக்கத் தடுக்க முடியாது. மணிக்கட்டு, காரை எலும்பு, முழங்கால் எல்லாம் அதன் பொறுப்பிலேயே இல்லை. இவ்வளவும் சொன்ன பிறகுதான் மாட்டச் சொல்வேன்.

மாட்டுவதற்கும் நேரம் கொடுக்க வேண்டும். புதியவர்கள் நெற்றி முழுக்கத் தெரியும்படி ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். அப்படிப் போட்டால் முகம் குப்புற விழும்போது முன்மண்டைக்கு எந்தக் காப்பும் இல்லை. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, அவ்வளவுதான். காதைச் சுற்றி வரும் பட்டைகள் காதுமடலுக்குக் கீழே சேர வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழைந்தால் சரி, கை நுழைந்தால் தளர்வு. பின்பக்கத் திருகை முறுக்கிவிட்டுத் தலையை ஆட்டச் சொல்வேன். ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. நம் பெண்கள் பலர் வெயிலுக்கு முடியை உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டு வருவார்கள். அதன்மேல் ஹெல்மெட் உட்காராது, மிதக்கும். கொண்டையை அவிழ்த்துக் கழுத்தருகே தாழப் பின்னிக்கொள்ளச் சொல்வேன். முக்காடு அணியும் பெண்களுக்கு மெல்லிய உள்துணியின் மேல் போட்டால் நன்றாகப் பொருந்தும். முதல் இருபது நிமிடம் இதிலேயே போய்விடுகிறது என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். போகட்டும்.

ஹெல்மெட்டின் வேலை இதோடு முடிந்தது. தைரியம் கொடுப்பது அதன் வேலை இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்களைப் பார்த்துத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

அம்மாவும் மகனுமாக வந்த ஒரு குடும்பம் நினைவிருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சமதளத்தில் அருமையாக ஓட்டினார். கீழிறங்கும் ஒரு இடத்தில் பாதையின் குறுக்கே தடித்த வேர், அதைத் தாண்டியதும் ஒரு சாண் பள்ளம். வேர் வந்ததும் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக் காலை ஊன்றிவிட்டார். பின்னாலிருந்து மகன், "அம்மா, ஹெல்மெட் இருக்குல்ல, போங்கம்மா!" என்றான். அவர் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண் முன்சக்கரத்தை விட்டு நகரவில்லை. இந்த நிலையில் ஒருவரைத் தள்ளிவிட்டால் விழுவது ஏறக்குறைய உறுதி. உடம்பு விறைத்துப் போனால் சைக்கிளை அசையவிடாது, வேரில் பட்ட அதிர்ச்சி நேராகக் கைக்கு வரும்.

"தம்பி, அம்மாவை அவசரப்படுத்தாதீங்க" என்றேன். "அக்கா, இறங்கி நடந்து வாங்க. நடக்கும்போது அந்த வேரை மட்டும் நல்லாப் பாத்துக்குங்க."

நடந்தார். பாதி வழியில் நின்று செருப்பு முனையால் வேரைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "முன்சக்கரம் இதுல எங்க போகணும்?" என்று கேட்டார். வலப்பக்கம் வேர் மண்ணில் புதைந்து தாழ்ந்திருக்கும் இடத்தைக் காட்டினேன். அன்றைக்கு அவர் அதை ஓட்டிக் கடக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மேலே சமதளத்தில் ஒரு தடித்த குச்சியைப் போட்டு அதன்மேல் ஏறி இறங்கினோம். பெடல் இரண்டும் தரைக்கு இணையாக, குதிகால் சற்றே தாழ்ந்து, சீட்டை விட்டு எழுந்து, முழங்கை மடங்கி. பிரேக்கில் பக்கத்துக்கு ஒரு விரல் மட்டும். போகும்போது கண்ணுக்குத் தெரிவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன்: "கல்... குச்சி... இடப்பக்கம் திருப்பம்." பேசினால் மூச்சைப் பிடித்துவைக்க முடியாது; தூரத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டுமென்றால் கண்ணும் தூரத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அடுத்த வகுப்பில் அந்த வேர் வந்தபோது அவராகவே, "நான் போறேன், நீங்க கீழ நில்லுங்க" என்றார். போனார். மகன் கைதட்டினான். "இன்னொரு தடவை" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினார்.

இதற்கு நேர்மாறாக வருபவர்களும் உண்டு. முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட், முழங்கால் கவசம், கையுறை எல்லாம் புதிதாக வாங்கிக்கொண்டு வருவார்கள். பாதுகாப்பு கூடும்போது மனிதர்கள் அதற்கேற்ப ஆபத்தையும் கூட்டிக்கொள்கிறார்கள் என்று கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் ஜெரால்ட் வைல்ட் 1982இல் ஒரு கோட்பாடு முன்வைத்தார். அது எவ்வளவு தூரம் சரி என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. நான் பார்த்தவரை குறை கவசத்தில் இல்லை. கவசம் வாங்கியதும் பயிற்சியும் கூடவே வந்துவிட்டதாக நினைப்பதுதான் ஆபத்து. அதனால் யாரையும் கவசத்தைக் கழற்றச் சொல்லமாட்டேன். சரிவில் ஒரு கோடு போட்டு, சக்கரம் வழுக்காமல் அந்தக் கோட்டில் நிறுத்திக் காட்டச் சொல்வேன். நிறுத்தத் தெரிந்த பிறகு வேகத்தைப் பற்றிப் பேசலாம்.

கைதேர்ந்தவர்களுக்கும் பாதையை நேரில் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவத்தை அடிக்கடி சொல்வேன். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கின் மலை சைக்கிள் போட்டி இசுவில் நடந்தது. நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூல் உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர்களில் ஒருவர். முதல் சுற்றிலேயே ஒரு பாறையிலிருந்து இறங்கும் இடத்தில் மோசமாக விழுந்தார். பயிற்சியின்போது அங்கே ஒரு சாய்வுப்பலகை இருந்தது, போட்டியன்றும் இருக்கும் என்று நினைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார். அவருக்குத் திறமையிலும் குறைவில்லை, ஹெல்மெட்டிலும் குறைவில்லை. பாதை மட்டும் மனத்தில் இருந்தபடி இல்லை. இதைக் கேட்ட பிறகு, மழை பெய்த மறுநாள் ஒரு இடத்தை இறங்கிப் பார்க்கச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தலையில் அடி விழுந்து கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் அன்றைக்கு அவர் மறுபடி ஏறக் கூடாது. நினைவு தப்பாமலேயே மூளை அதிர்ச்சி ஏற்படலாம். தலைவலி, குமட்டல், மந்தம் எல்லாம் சில மணி நேரம் கழித்தும் வரலாம். "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொல்வதை அந்த நேரத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. கூட வந்தவரிடம் அறிகுறிகளைச் சொல்லி, தனியாக வீட்டுக்கு அனுப்பாமல், மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்புவேன்.

நிறுவனங்கள் ஊழியர்களைக் குழுவாக அழைத்து வரும்போது எனக்கு இன்னும் சிக்கல் இருக்கிறது. எல்லோரும் முழுச் சுற்றையும் முடிக்க வேண்டும், கடைசியில் சேர்ந்து படம் எடுக்க வேண்டும் என்பது அவர்களின் திட்டமாக இருக்கும். மேலதிகாரி பக்கத்தில் நிற்கும்போது "எனக்கு இது வேண்டாம்" என்று எந்த ஊழியர் சொல்வார்? அதனால் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுகிறேன்: முழுச் சுற்று என்பதைத் திட்டத்திலிருந்து எடுங்கள், கடினமான இடம் வந்தால் முதலில் மேலதிகாரியே இறங்கி நடந்து காட்டட்டும். சிலர் வேறு ஆளைத் தேடிக்கொள்கிறார்கள். ஒத்துக்கொண்டு வரும் குழுக்களில் அன்றைக்கு இறங்கி நடந்த சிலர், பிறகு வார இறுதியில் தனியாகப் பதிவு செய்துகொண்டு வருகிறார்கள். வந்ததும் அந்த இடத்துக்கே மறுபடி கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.