அதுக்குப் போகாம இருந்தாக்கூடத் தேவலை

“அடிச்சு மட்டும் வெச்சுராதே. அதுக்குப் போகாம இருந்தாக்கூடத் தேவலை, ஜூன்ல எழுதிக்கலாம்.”

இயற்பியல் டீச்சரான நான் என் மாணவி ஒருத்தியிடம் போனில் சொன்னது இவ்வளவுதான். இதற்கு முன்னாலும் பின்னாலும் நிறையப் பேசினேன். சாப்பிட்டியா என்று கேட்டேன், மின்னோட்டவியல் பாடத்தைத் திரும்பப் புரட்ட வேண்டாம் என்றேன், விடிகாலையில் எழுந்து படிக்கிறேன் என்று கிளம்பாதே என்றேன். அதெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை. அவளுடைய அம்மாவும் சரி, எச்.எம்.மும் சரி, பிடித்துக்கொண்டது இந்த ஒரு வரியைத்தான். இப்போது நானும் அதையேதான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிளஸ் டூ இயற்பியல் பரீட்சைக்கு முந்தின ராத்திரி. அவள் முதல் குரூப். மெல்லக் கற்போர் பட்டியலில் ஒருநாளும் பெயர் வராத பெண். அரையாண்டில் நல்ல மார்க், திருப்புதல் தேர்வுகளில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டு வந்தாள். பிப்ரவரியில் நல்லாப் படிக்கிற பிள்ளைகள் பாதிப் பேருக்கு இப்படித்தான் ஆகும் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாள். அழவில்லை. வகுப்பில் எழுந்து நின்று சந்தேகம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

“மிஸ், பேப்பர் கஷ்டமா இருந்துச்சுன்னா, எழுதினது எல்லாத்தையும் கோடு போட்டு அடிச்சுட்டு வந்துட்டா ஃபெயில்தானே போடுவாங்க? ஜூன்ல மறுபடி நல்லா எழுதிக்கலாம்ல?”

வெளியில் இருப்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். நல்லாப் படிக்கிற பெண் எதற்கு வேண்டுமென்றே ஃபெயிலாக வேண்டும்? பிளஸ் டூ எடுக்கிற எங்களுக்கு இது புதிதில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் ஒருமுறை பாஸாகிவிட்டால் மார்க்கைக் கூட்டிக்கொள்ள மறுபடி எழுத முடியாது. முன்பு இம்ப்ரூவ்மென்ட் என்று ஒன்று இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். இயற்பியலில் 62 வந்தால் காலத்துக்கும் 62தான். இன்ஜினியரிங் சேர்க்கைக்குப் பார்க்கிற கட்-ஆஃப் மார்க் 200க்கு. கணிதம் முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி ஆளுக்கு 50. 62 என்றால் இயற்பியலில் மட்டும் 19 போச்சு. ஃபெயிலானவனுக்கோ ஜூனில் துணைத் தேர்வு என்று இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆக, சுமாராகப் பாஸாவதைவிட ஃபெயிலாவது லாபம் என்று ஒரு கணக்கு பிள்ளைகள் நடுவில் ஓடுகிறது. அவளுடைய அத்தை பையன் யாரோ அப்படிச் செய்து தப்பித்தானாம்.

அது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதின விடைகளைத் தானே கோடிட்டு அடிப்பது ஒழுங்கீனச் செயல். அந்தத் தேர்வு ரத்தாகும், அடுத்த இரண்டு பருவமும் எழுத விட மாட்டார்கள். தேர்வுத் துறை வருஷா வருஷம் இதை அறிவிக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பதற்றத்தில் அடித்துவிட்டு வந்தால் ஜூனும் போய், அதற்கடுத்த வாய்ப்பும் போய்விடும். அதைத் தடுக்கத்தான் அந்த வரியைச் சொன்னேன். முழுசாகக் கேட்டால் அது ஒரு எச்சரிக்கை. பாதியில் வெட்டினால் அனுமதி.

அவள் “சரிங்க மிஸ்” என்றாள். குரல் இளகியிருந்தது. நான் நிம்மதியாகத்தான் படுத்தேன்.

மறுநாள் எங்கள் பள்ளியே தேர்வு மையம். என் பாடம் என்பதால் எனக்கு ஹால் டூட்டி கிடையாது, கேட்டில் நின்று ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தேன். 24ம் 33ம் கட்டாயக் கேள்வி, கணக்காகத்தான் இருக்கும், தெரியாவிட்டால் சூத்திரத்தையாவது எழுதிவிட்டு வா என்று வழக்கமான பல்லவி. அவள் வரவில்லை. பஸ் போயிருக்கும் என்று நினைத்தேன். பத்து மணி பெல் அடித்துவிட்டது. அம்மாவுக்குப் போட்டால் ரிங் போகிறது, எடுக்கவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ஷிஃப்டில் போனைக் கையில் வைத்திருக்க விட மாட்டார்கள். மகள் பரீட்சைக்குப் போய்விட்டாள் என்று நம்பித்தான் அந்த அம்மா வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். அவள் சீருடை போட்டுக்கொண்டு, ஹால் டிக்கெட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

எச்.எம். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருக்கு வேறு கவலை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சைக்கு 50 ஆயிரம் பேருக்கு மேல் வரவில்லை என்று செய்தியாகி, சட்டமன்றம் வரைக்கும் பேச்சு வந்ததல்லவா? அதற்குப் பிறகு வராத பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மேலே பதில் சொல்ல வேண்டும். ஏன் வரவில்லை, வீட்டுக்குப் போனீர்களா, துணைத் தேர்வுக்குச் சம்மதிக்க வைத்தீர்களா என்று. அந்தப் பட்டியலில் வருகிறவர்கள் பெரும்பாலும் இடையில் நின்றவர்கள், வேலைக்குப் போய்விட்டவர்கள். நல்லாப் படிக்கிற பெண் ஒருத்தி ஒரே ஒரு பேப்பருக்கு மட்டும் வராதது அவருக்கு எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.

அவர் சொன்னது இது: “டீச்சர், ஜூன் பரீட்சை விவரமெல்லாம் ரிசல்ட்டுக்கு அப்புறம் சொல்றது.”

அவர் சொன்னதில் எனக்கு இன்றுவரை உடன்பாடு இல்லை. ஆனால் பதில் சொல்லவும் முடியவில்லை. மே மாதம் ரிசல்ட் வருகிற அன்று அமைச்சரிலிருந்து அத்தனை பேரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். தோல்வியடைந்தவர்கள் மனம் தளர வேண்டாம், உடனே துணைத் தேர்வு இருக்கிறது, இந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம். மே மாதம் சொன்னால் ஆறுதல், மார்ச் மாதம் சொன்னால் கெடுத்தல். பயம் என்னவோ மார்ச்சில்தான் வருகிறது.

மன அழுத்தத்துக்கு நாங்கள் செய்வதெல்லாம் என்ன என்று பார்த்தேன். நோட்டீஸ் போர்டில் 104, 14417, 14416 என்று உதவி எண்கள் ஒட்டியிருக்கிறோம். பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒருவர் வந்து மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொடுப்பார். நன்றாகத் தூங்கு, அடுத்தவரோடு ஒப்பிடாதே, பெற்றோரிடம் மனம்விட்டுப் பேசு. எதுவும் தப்பில்லை. சில பிள்ளைகளுக்கு அந்த மூச்சுப் பயிற்சி நிஜமாகவே உதவுகிறது, பார்த்திருக்கிறேன். ஆனால் ‘எழுத முடியாமல் போனால் என்ன ஆகும்?’ என்கிற கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை. “அப்படியெல்லாம் யோசிக்காதே” என்போம். அதையேதான் அவர்கள் ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெல்லக் கற்கிற பிள்ளைகளிடம் நான் வேறு மாதிரி பேசுவேன். அவர்களுக்குக் கணக்குதான் மருந்து. “செய்முறை 20, அகமதிப்பீடு 10. இந்த 30ல பெரும்பகுதி உன் கையில இருக்கு. தியரில 70க்கு 15 எடுத்தாப் போதும். ஒன் மார்க்கே 15 இருக்குடா.” கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டும்போது முகத்தில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கலாம். பாஸாக வேண்டும் என்கிற பயத்துக்கு அடியில் ஒரு தரை இருக்கிறது, இதற்குக் கீழே போகாது என்று காட்டிவிடலாம். மார்க் குறையும் என்கிற பயத்துக்குத் தரையே கிடையாது. 95 எடுத்தால் 98க்கு ஏங்கும். 2017ல் ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள், மொத்த மார்க் 1200ஐ 600 ஆக்கினார்கள். முதலிடம் பிடித்த பிள்ளையின் வாயில் ஸ்வீட்டைத் திணிக்கிற போட்டோ பத்திரிகையில் வருவது நின்றது. நல்லதுதான். ஆனால் கட்-ஆஃப் அப்படியேதானே இருக்கிறது? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகு கனவு பக்கத்தில் வந்துவிட்டது, படிப்புச் செலவும் அரசாங்கத்தினுடையது. கை நீட்டினால் எட்டும் என்றால் எட்டாமல் போய்விடுமோ என்கிற பயமும் கூடத்தானே செய்யும்? அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி மனதில் இருந்தது. அந்த மாதிரிப் பெண்ணுக்கு என் கரும்பலகைக் கணக்கு எதற்கும் ஆகாது.

அம்மா இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், நான் உள்ளே வாங்க என்றும் வரவில்லை.

“டீச்சர் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க. நான் குத்தம் சொல்லலீங்க. ஆனா நீங்க அப்படிச் சொல்லாம இருந்திருந்தா போயிருப்பாளுங்க.”

போயிருப்பாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. போய் என்ன செய்திருப்பாள் என்பதுதான் தெரியவில்லை. எழுதி 85 வாங்கியிருக்கலாம். கட்டாயக் கேள்வி வரவில்லை என்று எல்லாவற்றையும் அடித்துவிட்டு வந்திருக்கலாம். இதைவிட மோசமானதையும் நினைக்கிறேன், எங்கள் வேலையில் அதை நினைக்காமல் இருக்க முடியாது. மே மாதம் செய்தித்தாளைப் பிரிக்கவே பயப்படுகிற ஆட்கள் நாங்கள். ஆனால் நடக்காத ஒன்றைக் காட்டி ‘அதனால்தான் சொன்னேன்’ என்று அந்த அம்மாவிடம் எப்படி நியாயம் பேசுவது? அவர் கண்ணுக்குத் தெரிவது வீட்டிலேயே உட்கார்ந்திருந்த மகள்தான்.

மற்ற பேப்பர்களை எழுதினாள். ஜூனில் இயற்பியலும் எழுதினாள், 81 வந்தது. ஆனால் அதற்குள் முதன்மைக் கலந்தாய்வு அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. துணைத் தேர்வில் பாஸானவர்களுக்குத் துணைக் கலந்தாய்வு உண்டு, மீதமிருக்கிற இடங்களுக்கு. கோயம்புத்தூர் கிடைக்கவில்லை, வேறொரு ஊரில் சேர்ந்தாள். இதை அந்த ராத்திரி நான் சொல்லவில்லைதான். ஒரு கணிதச் சக ஆசிரியர் இதைத்தான் திரும்பத் திரும்பக் குத்திக்காட்டுகிறார்: “பாதி விவரம் சொன்னா அது விவரமே இல்லீங்க மேடம்.” ராத்திரி ஒன்பதரைக்கு, நாளைக் காலை பரீட்சைக்குப் போவாளா மாட்டாளா என்று நிற்கிற பெண்ணிடம், கலந்தாய்வுச் சுற்றுகளை யார் விளக்குவார்கள்? அவர் விளக்கியிருப்பாரா? விளக்கியிருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். அது அவளைப் பஸ் ஏற்றியிருக்குமா, இன்னும் பயமுறுத்தியிருக்குமா?

போன பொங்கலுக்கு வந்திருந்தாள். ஹாஸ்டல் சாப்பாடு, அரியர், ரூம்மேட் என்று வாய் ஓயாமல் பேசினாள். நான் எதுவும் கேட்காமலே அவளாகச் சொன்னாள்: “அன்னிக்கு நீங்க சொன்னதுக்கப்புறம்தான் மிஸ் தூக்கமே வந்துச்சு.” நன்றியாகத்தான் சொன்னாள். ஆனால் எதனால் தூக்கம் வந்தது? ஜூன் என்று ஒன்று இருக்கிறது, நாளைக்குத் தைரியமாக எழுதலாம் என்றா? நாளைக்குப் போக வேண்டியதில்லை என்று அந்த நிமிஷமே முடிவெடுத்துவிட்டதாலா? கேட்க வாய் வரை வந்தது. காபி ஆறுகிறது, குடி என்றேன்.

அடுத்த வருஷம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை எனக்குச் சாதகமாக முடிந்ததுபோல் ஆகிவிடும். ஒரு பையன் பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் வந்து, வயிற்று வலி, நாளைக்கு வர முடியாது மிஸ் என்றான். வயிற்று வலி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இந்தத் தடவை ஜூன் என்கிற வார்த்தையே என் வாயில் வரவில்லை. “வா. முகப்புத்தாளில் கையெழுத்துப் போடு. கேள்வித்தாள் படிக்கக் குடுக்கிற பத்து நிமிஷத்துல தெரிஞ்ச கேள்வி மூணு மட்டும் தேடு. மத்தது அப்புறம்” என்றேன். வந்தான், எழுதினான். வெளியே வந்து வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தான். 51 வாங்கிப் பாஸ். அவன் அப்பா ஸ்வீட் பாக்ஸோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். ஸ்டாஃப் ரூமில் “பாத்தீங்களா மேடம்” என்றார்கள். எதைப் பார்ப்பது? அவனுக்கு 51 நிரந்தரம். கடைவீதியில் என்னைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

இந்த வருஷம் ஒரு வேலை செய்தேன். அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும், ஒரு பீரியடை ஒதுக்கி எல்லாவற்றையும் போர்டில் எழுதிப்போட்டேன். விடையை அடித்தால் என்ன ஆகும், வராவிட்டால் என்ன ஆகும், ஃபெயிலானால் என்ன ஆகும், துணைத் தேர்வு எப்போது, அதில் பாஸானால் எந்தக் கலந்தாய்வில் இடம், எது கைவிட்டுப் போகும். பயம் உச்சிக்கு ஏறுவதற்கு முன்னால், முழு விவரமாக. பொண்ணுங்க அதையும் ஐந்து மார்க் கேள்வி மாதிரி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதிக்கொண்டார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், “அப்ப மார்ச்சுல எழுதறது சாய்ஸா மிஸ்?” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

விஷயம் எச்.எம். காதுக்கு அன்றைக்கே போய்விட்டது. இனிமேல் இதை வகுப்பில் பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இரண்டாம் திருப்புதல் தேர்வும் முடிந்துவிட்டது. அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டது யார் என்று மட்டும் பிடிபடவில்லை. பின் பெஞ்சில் ஒருவரை ஒருவர் கை காட்டுகிறார்கள், பெரிய ஜோக் என்று நினைப்பு. மார்ச் வருவதற்குள் அது யாரென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.