சிவப்பு விளக்கும் கன்டெய்னர் எண்ணும்

எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், வீட்டில் இணையம் நின்றுபோனது. துறைமுகத்தில் டேலி கிளார்க்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் கன்டெய்னர்களைக் கணக்கெடுத்து ஓய்வுபெற்ற என் அப்பா, கைப்பேசியை என்னிடம் நீட்டி, "வைஃபை முழுசா காட்டுது, நெட்டு மட்டும் எங்கடா போச்சு?" என்று கேட்டார். புதிதாக இணையத்தைப் பயன்படுத்துவோர் பலருக்கும் இருக்கும் குழப்பம் அது. அவருக்கு நான் விளக்கியதை மற்றவர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

வைஃபை வேறு, இணையம் வேறு. வைஃபை என்பது கைப்பேசிக்கும் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள சில அடி தூரத்து வானொலித் தொடர்பு மட்டுமே. அதற்கு அப்பால் உலகத்தோடு நம்மை இணைப்பது அந்தப் பெட்டிக்குள் வந்து சேரும் மெல்லிய கண்ணாடி இழை. எங்கள் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்று எழுதியிருந்த இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த இழை வழியாக வரவேண்டிய ஒளி வரவில்லை என்பதே அதற்குப் பொருள்.

மாலையில் வந்த பணியாளர், தெருவோரம் அமர்ந்து அறுந்த கேபிளைச் சீர்செய்ததை அப்பாவும் நானும் அருகில் நின்று பார்த்தோம். கறுப்பு உறையை உரித்து, உள்ளே இருந்த இழையின் மேற்பூச்சை நீக்கி, ஸ்பிரிட் தோய்த்த தாளால் துடைத்து, முனையை நேராக வெட்டி, இரு முனைகளையும் ஒரு சிறிய இயந்திரத்துக்குள் வைத்தார். இயந்திரத்தின் திரையில் அவை இரண்டு தூண்கள்போலப் பெரிதாகத் தெரிந்தன. ஒரு மின்பொறி எழுந்ததும் ஒன்றாக உருகி ஒட்டிக்கொண்டன. அந்தக் கண்ணாடியின் மொத்தத் தடிமன் 125 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்), தலைமுடி அளவுதான். அதிலும் ஒளி செல்லும் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரான் மட்டுமே. எங்கள் வீட்டுப் பேச்சும் படமும் இவ்வளவு சிறிய பாதையில் போகின்றன என்பதை அப்பா நம்பத் தயங்கினார்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கைக்கு அவர் அனுப்பும் 3 எம்பி, அதாவது ஏறத்தாழ முப்பது லட்சம் பைட் அளவுள்ள புகைப்படம் முழுப் படமாகப் போவதில்லை. அது 1,500 பைட்டுக்கு மிகாத பாக்கெட்டுகளாக, ஏறத்தாழ இரண்டாயிரம் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொன்றின் தலைப்பிலும் புறப்பட்ட முகவரி, சேரவேண்டிய முகவரி, எத்தனையாவது துண்டு என்ற கணக்கு ஆகியவை இருக்கும். வழியில் உள்ள ரவுட்டர்கள் முகவரியைப் பார்த்து, அடுத்து எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்கின்றன. முழுப் பாதையும் எந்த ரவுட்டருக்கும் தெரியவேண்டியதில்லை.

அப்பாவுக்கு இதைப் புரியவைக்கத் துறைமுகமே உதவியது. கன்டெய்னருக்குள் துணி இருக்கிறதா, இயந்திரம் இருக்கிறதா என்று பார்க்காமல், கதவில் உள்ள நான்கு எழுத்தையும் ஏழு இலக்கத்தையும் குறித்துக்கொண்டு அவர் வண்டியை அனுப்பியிருக்கிறார். அந்தக் கடைசி இலக்கம் முன்னுள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் வைத்துக் கணக்கிடப்படுவது. எண்ணைத் தவறாக எழுதினால் அது காட்டிக்கொடுத்துவிடும். பாக்கெட்டிலும் அப்படியொரு சரிபார்ப்பு எண் உண்டு, பொருந்தாத துண்டு கழித்துவிடப்படும். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: தொலைந்த கன்டெய்னர் தொலைந்ததுதான், பாக்கெட்டோ வெறும் நகல். வந்து சேர்ந்தது என்ற பதில் கிடைக்கும்வரை அனுப்பிய கருவி தன்னிடம் ஒரு பிரதியை வைத்திருந்து, பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புகிறது. இந்த முறையின் அடிப்படையை அமெரிக்கக் கணினி அறிஞர்களான வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் வெளியிட்டார்கள். 1983 ஜனவரி 1 அன்று இன்றைய இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் அர்பாநெட் வலையமைப்பு இதற்கு மாறியது.

முகவரி என்பது உண்மையில் எண்கள்தான். நாம் தட்டச்சு செய்யும் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ் எனும் ஏற்பாடு; கைப்பேசியில் பெயரைத் தொட்டதும் எண் அழைக்கப்படுவதுபோல.

"அப்போ சிங்கப்பூருக்கு சேட்டிலைட்லதான போவுது?" என்று அப்பா கேட்டார். கண்டங்களுக்கு இடையிலான இணையப் போக்குவரத்தில் மிகப் பெரும்பகுதி கடலடிக் கேபிள்களில்தான் செல்கிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஐ2ஐ கேபிள் 2002-ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்வதால், அந்தத் தூரத்தைக் கடக்க 16 மில்லிநொடி போதும். ஆழ்கடலில் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய் அளவே இருக்கும் கேபிளுக்கு, கரையோரத்தில் எஃகுக் கம்பிகளால் கவசம் இடுகிறார்கள். உலகெங்கும் இக்கேபிள்கள் பழுதாக முதன்மைக் காரணம் மீன்பிடி வலைகளும் கப்பல் நங்கூரங்களுமே என்று சொன்னபோது, காசிமேட்டுப் படகுகளைப் பார்த்தே வளர்ந்த அப்பாவுக்கு அதை விளக்கத் தேவையிருக்கவில்லை.

சில நாள்களுக்கு முன் பக்கத்து வீட்டு அக்கா, ஒரு தளம் திறக்கவில்லை என்று வந்து நின்றார். அப்பா முதலில் பெட்டியின் விளக்கைப் பார்த்தார், சிவப்பு இல்லை. வேறொரு தளத்தைத் திறந்தார், திறந்தது. "லைன்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, அவங்க பக்கம்தான் ஏதோ கோளாறு, கொஞ்ச நேரம் கழிச்சுப் பாரு" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார்.