நிலவறைக்கு ‘மேலே’ போகிறவர்கள்

தெற்கு ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில் உள்ள எர்லாங்கனுக்குப் படிக்க வந்த முதல் வருடம், கூடப் படித்த பையன் ஒருவன் “சாயங்காலம் பெர்குக்கு வர்றியா?” என்று கேட்டான். பெர்க் என்றால் மலை. ஏதோ மலையேறப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ஊரின் வடக்கே உள்ள புர்க்பெர்க் என்ற குன்றின் சரிவில் நடக்கும் பீர் திருவிழாவைத்தான் ஊரே ‘பெர்க்’ என்று சுருக்கிச் சொல்கிறது என்று. நான் பீர் குடிப்பதில்லை என்றேன். “அதனால என்ன, சும்மா உட்கார வா” என்றான்.

ஜெர்மன் பீர் திருவிழா என்றாலே எல்லோருக்கும் மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட்தான் நினைவுக்கு வருகிறது. அது 1810இல் பட்டத்து இளவரசர் லுட்விக், தெரேசாவை மணந்தபோது நடந்த குதிரைப் பந்தயத்தில் தொடங்கியது, அந்த மைதானத்துக்கே தெரேசாவின் பெயர்தான். எர்லாங்கனின் பெர்க்கிர்ஷ்வைய் (பெர்க்கின் முழுப்பெயர் இதுதான்) 1755இலிருந்து நடக்கிறது, அதாவது மியூனிக்கை விட 55 வருடம் மூத்தது. இங்கே பெரிய பெரிய கூடாரங்கள் கிடையாது. மரங்களுக்கு அடியில் வரிசை வரிசையாக மர பெஞ்சு, முன்னால் நீள மேசை, பின்னால் பாறையைக் குடைந்த நிலவறைகளின் கதவுகள்.

அந்த நிலவறைகள்தான் எல்லாவற்றுக்கும் மூலம். லாகர் வகை பீர் நொதிக்கவும் முதிரவும் குளிர் வேண்டும். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் வெயில் ஏறினால் பீர் கெட்டுப்போகும், அதனால் பவேரியாவில் 1553இல் ஒரு ஆணையே போட்டார்கள்: ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது. சரி, கோடை முழுக்க என்ன குடிப்பது? மார்ச்சில் கொஞ்சம் கூடுதல் வலுவோடு காய்ச்சி, நிலவறையில் வைத்துக் காப்பாற்றினார்கள். மார்ஸன் என்ற பீர் வகையின் பெயர் அந்த மார்ச் மாதத்திலிருந்து வந்ததுதான். நிலவறைக்கு மேலே வெயில் இறங்காமலிருக்கக் குதிரைக் கஷ்கொட்டை (செஸ்ட்நட்) மரங்களை நட்டார்கள், அதன் இலை அகலம், வேர் ஆழமாகப் போகாது, அதனால் கூரையைப் பிளக்காது. நிழல் வந்ததும் ஜனங்கள் வந்தார்கள், ஜனங்கள் வந்ததும் பெஞ்சு வந்தது. எர்லாங்கன்காரர்களுக்கோ குன்றே மணற்கல், குடைவதற்குத் தோதான கல். இன்றைக்கும் ஃபிராங்கோனியாவில் (எர்லாங்கன் இருக்கும் வடக்குப் பவேரியப் பகுதி) ‘நிலவறைக்குள் போகிறேன்’ என்று சொல்லமாட்டார்கள், ‘நிலவறைக்கு மேலே போகிறேன்’ என்பார்கள். முதலில் கேட்டபோது என் ஜெர்மன்தான் தப்போ என்று குழம்பினேன், மேலே உட்கார்ந்து பார்த்ததும் புரிந்துவிட்டது.

பவேரியாவின் பீர் தோட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம் என்பது. மியூனிக்கில் மதுவடிப்பவர்கள் நிலவறை வாசலிலேயே பீர் விற்கத் தொடங்கியதும், வியாபாரம் போகிறதே என்று விடுதிக்காரர்கள் அரசரிடம் முறையிட்டார்கள். 1812இல் அரசர் மாக்ஸ் யோசஃப் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னார்: பீர் விற்கலாம், கூட ரொட்டி தரலாம், வேறு உணவு விற்கக் கூடாது. அப்போது கூடையில் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்த பழக்கம் இருநூறு வருடம் தாண்டியும் போகவில்லை. விரிப்பு இல்லாத மேசை என்றால் உங்கள் டப்பாவைத் தாராளமாகத் திறக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அந்த முதல் சாயங்காலம் எங்கள் மேசையில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம், பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை. “இங்கே இடம் இருக்கா?” என்று கேட்டால் போதும், நகர்ந்து உட்காருவார்கள். ஆளுக்கொரு லிட்டர் கற்குவளை. பிணைப்பணம் கட்டித்தான் வாங்க வேண்டும், குவளையைத் திருப்பித் தந்தால் பணம் திரும்ப வரும். எனக்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஷோர்லே. குவளையை மோதும்போது நான் குவளையைப் பார்த்தேன், எதிரில் இருந்த பெரியவர் “கண்ணைப் பார்” என்று நிறுத்தி மறுபடி மோதவைத்தார். குவளையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, கண்ணைப் பார்த்தேனா என்பதுதான் அவருக்கு முக்கியம். இருட்டியதும் வாத்தியக்குழு வேகமெடுத்தது, அந்தப் பாட்டி உட்பட முழு வரிசையும் பெஞ்சின் மேல் ஏறி நின்று பாடியது.

மியூனிக்குக்கும் ஒருமுறை போனேன். நகர மேயர் பகல் 12 மணிக்குப் பீப்பாயில் குழாயை அடித்து இறக்கி “ஓட்ஸாப்ஃட் இஸ்” (பீப்பாய் திறந்தாச்சு) என்று கத்துவது 1950இலிருந்து வரும் சடங்கு, அதற்கு முன்னால் எங்கும் பீர் ஊற்றமாட்டார்கள். நகரத்தின் ஆறு ஆலைகளின் பீர் மட்டும்தான் அங்கே. பிரம்மாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாயங்காலக் கூடாரத்தில் முன்பதிவு இல்லாமல் இடம் பிடிப்பது பெரும்பாடு, பக்கத்தில் இருப்பவரோடு பேசக் காதும் கேட்காது. எனக்கு பெர்க்தான்.

பெர்க்கின் கடைசி நாள் திங்கட்கிழமை. அன்று இரவு எரிஷ் கெல்லர் என்ற நிலவறைக்கு முன்னால் கடைசிப் பீப்பாயை நிஜமாகவே குழி தோண்டிப் புதைக்கிறார்கள். கூட்டம் முழுக்க ‘லிலி மார்லேன்’ என்ற பழைய ஜெர்மன் பாட்டைப் பாடிக்கொண்டு வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டி விடைகொடுக்கிறது. கைக்குட்டை இல்லாதவர்கள் காகித நாப்கினை ஆட்டுகிறார்கள். என் பக்கத்தில் நின்ற ஒருவர் அழுதார், நான் என் நாப்கினில் பாதியைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: பெந்தகோஸ்து ஞாயிறுக்கு (ஈஸ்டர் முடிந்து ஏழாவது ஞாயிறு) முந்தைய வியாழன் மாலை 5 மணிக்கு பெர்க் தொடங்கும், மொத்தம் 12 நாள். வார நாள் மதியம் போங்கள், அப்போதுதான் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.