முதுமாணி முடிந்தது, இனி?

முடிந்துவிட்டது நண்பர்களே! இங்கிலாந்தில் முதுமாணி, பெறுபேறும் வந்துவிட்டது. வாழ்த்திய எல்லோருக்கும் நன்றி. "அப்ப இனி என்ன?" என்று கேட்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

படித்தது மண்சரிவு. மலையகத்தில் அப்புத்தளைப் பக்கம் பிறந்தவள் வேறு எதைப் படிப்பாள்? 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மண் மூடியபோது நான் பாடசாலைப் பிள்ளை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இரு, 100 என்றால் தயாராகு, 150 என்றால் வெளியேறு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு இப்போது மனப்பாடம். நடு இராத்திரியில் வெளியேறச் சொன்னால் லயத்துச் சனம் கைப்பிள்ளையோடு எங்கே போகும் என்பதற்குத்தான் எந்தக் கணக்கிலும் விடை இல்லை. அந்த விடையைத் தேடும் வேலைதான் எனக்கு வேண்டும்.

சரி, விசா கதைக்கு வருவோம். படிப்பு முடித்தவர்களுக்கான விசாவுக்கு 2026 டிசம்பருக்குள் விண்ணப்பித்தால் 2 வருடம் இங்கிலாந்தில் தங்கலாம், 2027 பிறந்துவிட்டால் 18 மாதம்தான். அதுவும் அந்த நாட்டுக்குள் இருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும். நான் இருப்பதோ லயத்து வாசலில்!

தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "மொதல்ல பேங்குக் கடனுக்கு வழியப் பாரு பாப்பா" என்றார். அவ்வளவுதான்.

ஆகவே இங்கேயும் அங்கேயும் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறேன். பதுளை, நுவரெலியாப் பக்கம் இந்தத் துறையில் வேலை இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். சம்பளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், அம்மா கேட்பார்.