20க்கு 6 வாங்கிய கேள்வி: ஆர்என்ஏ எடிட்டிங்கை எப்படிப் படிப்பது

போன வருடம் மிட்-டெர்மில் "உட்கருவுக்குள் ஆர்என்ஏ எடிட்டிங்கைச் செல் எப்படிக் கட்டுப்படுத்துகிறது?" என்று 20 மார்க்குக்கு ஒரு கேள்வி. (ஆர்என்ஏ எடிட்டிங் என்றால், டிஎன்ஏவிலிருந்து நகலெடுத்த ஆர்என்ஏவில் ஒரு எழுத்தைச் செல்லே மாற்றுவது.) மூன்று பக்கம் எழுதினேன், அதுவும் கலர் பேனாவில் படம் போட்டு. கிடைத்தது 6. எழுதியதில் ஒரு வரி கூடத் தப்பில்லை என்பதுதான் எரிச்சல். ஏடார் என்ற நொதி, ஆர்என்ஏவின் ஏ எழுத்தான அடினோசினிலிருந்து அமினோ தொகுதியைக் கழற்றி இனோசின் ஆக்கும், புரதம் செய்யும் ரைபோசோம் அந்த இனோசினை ஜி என்றுதான் படிக்கும், அதனால் டிஎன்ஏவில் ஒன்றும் மாறாமலே புரதத்தில் ஒரு அமினோ அமிலம் மாறிப் போகும். எல்லாம் சரி, ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. விடைத்தாள் ஓரத்தில் லெக்சரர் பென்சிலால் "எங்கே? எப்போது?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஃபைனலுக்கு முன் ஸ்டடி லீவில் மலேசியாவின் பேராக்கில் உள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட் வந்துவிட்டேன். இப்போது தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம் என்று பேர்தான், பின் வேலியைத் தாண்டினால் செம்பனை, குலை ஏற்றிய லாரி போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். நோட்ஸைத் திரும்பத் திரும்பப் படித்தும் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் மளிகைக்கடையில் கொடுத்த பழைய நாட்காட்டித் தாளை நீளமாக ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்தேன். இடது பாதியில் நீல மையால் எக்ஸான் 11 (கடைசிவரை தங்கும் பகுதி), வலது பாதியில் சிவப்பில் இன்ட்ரான் 11 (இடையில் வெட்டி எறியப்படும் பகுதி). இது மூளையில் உள்ள குளூடமேட் ஏற்பியின் ஒரு துண்டான குளூஏ2 புரதத்துக்கான முன்-எம்ஆர்என்ஏ, அதாவது இன்ட்ரான்கள் இன்னும் வெட்டப்படாத ஆர்என்ஏ. நீலத்தில் சிஏஜி என்று ஒரு கோடான் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்து), அதன் நடு எழுத்துதான் மாற வேண்டியது. ஏடார் வகையில் இங்கே வேலை செய்யும் ஏடார்2 இரட்டை இழையைத்தான் பிடிக்கும், ஒற்றை இழையில் அதற்கு வேலையில்லை. அந்த இரட்டை இழை எங்கிருந்து வரும்? தாளை மடித்துப் பாருங்கள்: சிவப்பில் இருக்கும் ஒரு பகுதி திரும்பி வந்து நீலத்தின் மேல் படியும். அதாவது எக்ஸானுக்கு ஜோடி, வெட்டி எறியப்படப் போகும் இன்ட்ரானில் இருக்கிறது. சிவப்பை இப்போதே கிழித்துவிட்டால் நீலம் தனியாகத்தான் கிடக்கும். ஆக, இன்ட்ரானை வெட்டி எக்ஸான்களை ஒட்டும் ஸ்பிளைசிங் முடிவதற்குள் எடிட்டிங் முடிந்தாக வேண்டும், ஸ்பிளைசிங் நடப்பது உட்கருவில் என்பதால் இதுவும் அங்கேதான் நடந்தாக வேண்டும்.

துணி மடிக்க வந்த பாட்டி, "படிக்கச் சொன்னா பேப்பர் மடிச்சு விளையாடுறியாம்மா?" என்றார். விளக்கினேன். பால்மரம் வெட்டியே காலம் தள்ளியவர், கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, "பெரட்டு மாதிரின்னு சொல்லு. பெரட்டு கலைஞ்சப்புறம் ஓடி வந்தா அன்னிக்குப் பேர் கிடையாது" என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுவது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பாயிண்ட் மறக்கவே இல்லை.

இந்த ஒரு எழுத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதையும் விடையில் இரண்டு வரி எழுதுங்கள். சிஏஜி என்றால் குளூட்டமின், நடு எழுத்து ஜி என்று படிக்கப்பட்டால் ஆர்ஜினின். ஆர்ஜினின் வந்தால் அந்த ஏற்பியின் நடுவில் உள்ள வாய்க்கால் வழியாகக் கால்சியம் நுழையாது. ஏடார்2 இல்லாத எலிகள் வலிப்பு வந்து சில வாரங்களிலேயே இறந்தன, ஆனால் அப்படிப்பட்ட எலிகளின் குளூஏ2 மரபணுவிலேயே இந்த ஒரு எழுத்தை மாற்றி வைத்தபோது பிழைத்துக்கொண்டன (2000ஆம் ஆண்டில் வந்த ஆய்வு). இதை எழுதாமல் விட்டவர்கள்தான் அதிகம்.

அடுத்தது "எங்கே". நான் மிட்-டெர்மில் தொடவே இல்லாத இடம் இது. ஏடார்2 உட்கருவுக்குள் வந்தவுடன் வேலையில் இறங்குவதில்லை, பெரும்பாலும் உட்கருவுக்குள்ளேயே இருக்கும் நியூக்ளியோலஸ் என்ற திரளில் ஒதுங்கி நிற்கிறது, எடிட் செய்ய வேண்டிய ஆர்என்ஏ நிறைய உருவானால் அங்கிருந்து வெளியே, உட்கருவின் மற்ற பகுதியான நியூக்ளியோபிளாசத்துக்கு நகர்கிறது. சரி, நொதி உட்கருவிலேயே தங்கும்படி யார் பார்த்துக்கொள்வது? பின்1 என்ற புரதம், பாஸ்பேட் ஏறிய ஏடார்2ஐப் பிடித்து உட்கருவில் நிலைக்க வைக்கிறது. நொதி உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் மாட்டிக்கொண்டால் டபிள்யுடபிள்யுபி2 என்ற புரதம் அதன்மேல் யுபிகுவிட்டின் என்ற அடையாளத்தை ஒட்டி அழிவுக்கு அனுப்பிவிடும். இந்த இரண்டு பெயரையும் எதிரெதிராக ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், தனித்தனிப் பத்தியாக எழுதினால் மனப்பாடம் செய்தது போலத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஏடார்2 தன் சொந்த முன்-எம்ஆர்என்ஏவையே எடிட் செய்வது. ஒரு இன்ட்ரானில் இருக்கும் ஏஏ, ஏஐ ஆகிறது (ஐ என்பது இனோசின்). ஸ்பிளைசிங் இயந்திரம் அதை, இன்ட்ரானின் முடிவைக் காட்டும் ஏஜி என்று நினைத்து அங்கேயே வெட்டுகிறது, 47 எழுத்துகள் கூடுதலாக உள்ளே வந்து, மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் சட்டகம் நகர்ந்துவிடுகிறது, வேலை செய்யும் நொதி குறைகிறது. நொதி அளவுக்கு மீறினால் அதுவே தன் கையைக் கட்டிக்கொள்கிறது! 1999இல் எலியில் கண்டது. இதற்குப் படம் போட்டால் போதும், வார்த்தை அதிகம் வேண்டாம்.

அதே வகையைச் சேர்ந்த இன்னொரு நொதியான ஏடார்1ஐச் சுருக்கமாக முடியுங்கள். பி110 வடிவம் எப்போதும் உண்டு, உட்கருவில் இருக்கும். பி150 வடிவம், வைரஸ் தாக்கும்போது சுரக்கும் இன்டர்ஃபெரான் வந்தால் கூடும், பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில் இருக்கும். கேள்வியில் "உட்கருவுக்குள்" என்று இருக்கும்போது பி150ஐப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது நேர விரயம், என் தோழி ஒருத்தி அதைத்தான் செய்தாள்.

அப்புறம், மார்க் கூட்டும் ஒப்பீடு ஒன்று. கொழுப்பைச் சுமக்கும் அபோபி புரதத்தின் எம்ஆர்என்ஏவில் சி, யு ஆகிறது, 6666ஆவது இடத்தில் சிஏஏ என்பது யுஏஏ என்ற நிறுத்தக் கோடானாக மாறுவதால் சிறுகுடலில் குட்டையான அபோபி-48 கிடைக்கிறது, கல்லீரலில் முழு நீள அபோபி-100. இதுவும் உட்கருவில்தான். ஆனால் இந்த மாற்றத்தைச் செய்யும் அபோபெக்1 நொதி சரியான இடத்தில் நிற்க வேண்டிய நங்கூர வரிசை, 7,500 எழுத்துகளுக்கு மேல் நீளமான எக்ஸான் 26க்குள்ளேயே இருக்கிறது, அதனால் இங்கே இன்ட்ரானைப் பிடிக்க ஓட வேண்டிய அவசியமில்லை. குளூஏ2வுக்கும் இதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எழுதினால், நேரம் ஏன் முக்கியம் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று திருத்துபவருக்குத் தெரியும்.

ஃபைனலில் இதே பகுதி வேறு வார்த்தையில் வந்தது: "குளூஏ2வின் அந்த இன்ட்ரானை நீக்கிவிட்டால் என்ன நடக்கும்?" வினாத்தாளின் ஓரத்தை மெல்ல மடித்துப் பார்த்தேன். கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நின்று, காப்பி ஏதும் ஒளித்து வைத்திருக்கிறேனா என்று அந்த மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போனார்.