மகனுக்கு வாரிசு

"எம்பேரு வேண்டாங்கண்ணு. மருமக பேரும் கொழந்த பேரும் இருந்தாப் போதும்."

கோபி இ-சேவை மையத்துல எனக்கு முன்னாடி நின்ன பெரியவர். மகனுக்கு வாரிசுச் சான்றிதழ். பைக் விபத்தாம். வயசு முப்பதைத் தொடல.

மஞ்சப்பையிலிருந்து மகனோட ஆதாரை எடுத்து, கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் நீட்டினார்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-லயே இந்தத் துயரத்துக்கும் இடம் வெச்சிருக்கு. உயில் எழுதாம மகன் இறந்தா, மனைவி பிள்ளைகளோட தாயும் முதல் வகுப்பு வாரிசு. தகப்பன் அடுத்த வகுப்புதான்.

ஒரு காலத்துல கொள்ளைநோய்ல பிள்ளையைப் பறிகொடுக்காத வீடு அபூர்வம். கோயமுத்தூர்ல பிளேக் மாரியம்மன் கோயிலே இருக்கு. அந்தப் பயத்தை மருந்தும் தடுப்பூசியும் விரட்டுச்சு.

இப்ப ரோடு.

2022-ல இந்தியச் சாலைகள்ல செத்தவங்க 1,68,491 பேர். மூணுல ரெண்டு பங்கு 18-லிருந்து 45 வயசுக்குள்ள. பெத்தவங்க இன்னும் காட்டு வேலை பார்த்துட்டு இருக்கற வயசு அது. மனசு ஆறவே மாட்டேங்குது.

எங்க அண்ணன் மகன் தினமும் பெருந்துறை சிப்காட்டுக்கு பைக்லதான் போறான். ஹெல்மெட் டேங்க் மேலதான் இருக்கும். ராத்திரி கூப்பிட்டுப் பேசணும்.