நிற்கும் ஹைலக்ஸ்: கிளிநொச்சி நாட்குறிப்பு

2024 பெப்ரவரி 3

பெரும்போக அறுவடை நடக்கும் நேரத்தில் எங்கள் பழைய ஹைலக்ஸ் பிக்கப் மக்கர் செய்யத் தொடங்கியிருக்கிறது. திறப்பைத் திருப்பியதும் இயங்குகிறது; சில விநாடிகளில் தடுமாறி நின்றுவிடுகிறது. டீசல் வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அமுக்கினால் திரும்பவும் இயங்கி, திரும்பவும் நிற்கிறது. 2779 சிசி கொள்ளளவுள்ள '3எல்' வகை டீசல் எஞ்சின் இது. இதற்கு ஸ்பார்க் பிளக்கும் இல்லை, கணினியும் இல்லை. சூடான எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க டீசலும், காற்றும், சிலிண்டருக்குள் நல்ல அமுக்கமும், எஞ்சினுக்கு டீசலை அழுத்தித் தரும் ஊசிப் பம்பிலுள்ள கட்-ஓஃப் சொலினொயிட்டுக்கு (மின்சாரம் இருக்கும்வரை டீசலைத் திறந்துவிடும் வால்வு) 12 வோல்ட் மின்சாரமும் இருந்தால் போதும்.

பார்த்தவர்கள் எல்லோரும் "பம்ப் போய்விட்டது" என்கிறார்கள். பம்பைக் கழற்றுவது மிகச் செலவான வேலை என்பதால், அதைக் கடைசியில் வைத்துக்கொள்வதே முறை என்று நினைக்கிறேன்.

பெப்ரவரி 4

முதலில் சொலினொயிட்டைப் பார்த்தேன். மின்சாரம் அறுந்தால் எஞ்சின் திறப்பை அணைத்ததுபோலச் சட்டென்று நிற்க வேண்டும். இதுவோ மூச்சுவாங்கித்தான் நிற்கிறது. ஆயினும் ஐயம் தீரட்டும் என்று பற்றரியிலிருந்து நேராக ஒரு வயர் கொடுத்தேன். "டிக்" என்ற ஒலி தெளிவாகக் கேட்டது; எஞ்சின் முன்போலவே நின்றது.

வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தியபோது கொஞ்சம் தண்ணீர் வந்தது. புதிய வடிகட்டி போட்டும் மாற்றமில்லை. டீசல் தாங்கியின் மூடியைத் திறந்து வைத்தும் பார்த்தேன், காற்றுத் துளை அடைத்திருக்குமோ என்று, அதுவுமில்லை. எளிதில் தீப்பற்றும் ஈதர் தெளித்து இயக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இயக்குமுன் சூடேற்றும் ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அது ஆபத்தான வேலை.

பெப்ரவரி 6

அயலிலுள்ள மெக்கானிக் அண்ணை ஒரு விடயத்தைக் கேட்டார்: "சரிவில முகம் கீழாக நிறுத்தினால் எப்படி?" இரணைமடுக் குளக்கட்டுச் சரிவில் இரவு முழுவதும் அப்படி நின்ற அன்று காலையில் அது பிழையின்றி ஓடியது நினைவுக்கு வந்தது. தாங்கி உயர்ந்திருந்தால் டீசல் தானாகவே முன்னோக்கி வரும். சமதரையில் பம்பு அதை உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். இந்த வாகனத்தில் தாங்கியிலிருந்து டீசலை அனுப்பத் தனி மோட்டார் கிடையாது. ஊசிப் பம்புக்குள் இருக்கும் சிறு இறகுப் பம்புதான் முழுத் தூரத்துக்கும் இழுக்கிறது. ஆகவே தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் எங்கேயாவது ஒரு வெடிப்பு இருந்தால், ஓடும்போது அதன் வழியாக டீசல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். நிலத்தில் ஈரம் இல்லை என்பதற்காகக் கசிவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பெப்ரவரி 7

வடிகட்டிக்கும் பம்புக்கும் இடையில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயொன்றைப் பூட்டினோம். எஞ்சின் இயங்கியதும் குமிழிகள் வரிசையாக ஓடின. அவை பெருகியதும் எஞ்சின் நின்றது.

அடுத்து, எஞ்சினை விட உயரத்தில் 5 லீற்றர் கலனொன்றைக் கட்டி, அதிலிருந்து டீசலை நேராகப் பம்புக்குக் கொடுத்து, திரும்பிவரும் குழாயையும் அதற்குள்ளேயே விட்டோம். காற்றை வெளியேற்றிய பின் எஞ்சின் ஒரு தடுமாற்றமுமின்றி நெடுநேரம் ஓடியது. பம்பு, டீசலைத் தெளிக்கும் நொசல், அமுக்கம் மூன்றும் இத்துடன் சந்தேகத்திலிருந்து விடுபட்டன. பம்பைக் கழற்றியிருந்தால் செலவழிந்த பின்னும் வாகனம் இதேபோல நின்றிருக்கும்.

பிறகு குழாயை வடிகட்டிக்கு முன்னால் மாற்றிப் பூட்டியபோது டீசல் குமிழியின்றித் தெளிவாக வந்தது. குற்றவாளி, கைப்பம்பு பொருந்தியுள்ள வடிகட்டித் தலைக்குள்தான் இருக்கிறது.

பெப்ரவரி 9

கைப்பம்பைப் பிரித்தோம். உள்ளேயுள்ள ரப்பர்ச் சவ்வு எஞ்சின் வெப்பத்தில் இறுகி, விளிம்போரமாக மயிரளவு வெடித்திருந்தது. அமுக்கும்போது அதன் அடியில் இலேசான ஈரம் தெரியும். அதைத் துடைத்துவிட்டுப் போவதுதான் எல்லோருடைய வழக்கம். சவ்வை மட்டும் மாற்றாமல் முழுக் கைப்பம்பையும், குழாய்களைப் பூட்டும் ஆணிகளின் செப்பு வளையங்களையும் மாற்றினோம். பழைய வளையத்தை மறுபடியும் இறுக்கினால் அது ஒழுங்காகப் படியாது.

பெப்ரவரி 12

முகம் மேலாகச் சரிவில் இரவு முழுவதும் நிறுத்தி, காலையில் கைப்பம்பைத் தொடாமலே இயக்கினேன். நிற்கவில்லை. குமிழியும் இல்லை. பிளாஸ்டிக் குழாய் வெப்பத்தில் இறுகிப்போகும் என்பதால் அதை அகற்றி, டீசலுக்கான ரப்பர்க் குழாயைப் பூட்டிவிட்டு, பரந்தனுக்கு நெல் ஏற்றிப் போனோம்.